ஆட்டுக்குப் போட்ட பூட்டு

ஒரு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கட்கிழமை விடியும்வரை என்னை நானே என் வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். திருடன் பூட்டவில்லை, பேய் பூட்டவில்லை. என் சொந்தக் காசில் வாங்கிய பூட்டினால், நல்ல நினைவோடு, நானே பூட்டிக்கொண்டேன். அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அவ்வளவு நேரமும் நான் யாரையும் கூப்பிடவில்லை.

அப்போது மலேசியாவில், கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். எண்பதுகளின் முற்பாதி. கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்டு முடித்திருந்த காலம். பங்களா மேட்டில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இருந்தார். பள்ளத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே கணக்கு எழுதுகிறவனுக்கு என்று ஒரு பலகை வீடு, கட்டைக்கால்களின் மேல் தூக்கி வைத்தது, எனக்குக் கொடுத்திருந்தார்கள். மேட்டிலிருந்து அழைப்பு வராது, பள்ளத்திலிருந்து ஆள் வராது. துரை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டால் அவருடைய மரியாதை குறையும். நான் லயத்தில் போய் உட்கார்ந்தால் என் மரியாதை குறையும். லயத்து ஆள் என் வீட்டுப் படி ஏறினால் யாருடைய மரியாதை குறையும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் யாரோ ஒருவருடையது குறையும் என்பதில் தோட்டமே ஒருமனதாக இருந்தது. வேலையாக வருகிறவர்கள் வாசலிலிருந்த ரம்புத்தான் மரத்தடியில் நின்று "ஐயா" என்பார்கள். நான் இறங்கிப் போய்ப் பேசுவேன். பேசி முடிந்ததும் அவர்கள் போவார்கள், நான் ஏறுவேன். முன்னறையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் நான் உட்காருவேன். மற்றதில் புத்தகங்கள் உட்கார்ந்திருக்கும்.

படியேறி வந்தவை ஆடுகள் மட்டுமே. மரியாதை விஷயத்தில் அவற்றுக்குத் திட்டமான கருத்து எதுவும் கிடையாது. நேராக உள்ளே வந்து பத்திரிகையைத் தின்னும். நான் பாதிவரை படித்திருந்த ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை ஒரு கடா தின்றது. அந்தக் கதாநாயகி என்ன ஆனாள் என்பது அந்தக் கடாவுக்குத்தான் தெரியும்.

கதவைச் சாத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். சாத்தினேன். தாழ்ப்பாள் துருவேறிக் கழன்றுபோயிருந்தது, எங்கள் தோட்டத்து ஆடுகளுக்கோ தள்ளத் தெரியும். பட்டணத்துக்குப் போய் மலிவான இரண்டு பூட்டுகளும் கொண்டிகளும் வாங்கி வந்து முன்கதவுக்கும் பின்கதவுக்கும் உட்பக்கமாகப் போட்டேன். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்தேன். வேறு ஆளாக இருந்தால் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்திருப்பான். நான் படித்தவன். ஆட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்குமுன் இரண்டு கதவையும் பூட்டினேன். அந்த ரகப் பூட்டுக்குப் பூட்டுவதற்குச் சாவி வேண்டியதில்லை. பூட்டின் வளையத்தை அமுக்கினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். ஆணியில் மாட்டப் போன சாவிக்கொத்து கைதவறி விழுந்து, தரைப் பலகையில் ஒரு துள்ளுத் துள்ளி, இரண்டு பலகைக்கு நடுவிலிருந்த சந்து வழியாக வீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. குப்புறப் படுத்துப் பார்த்தேன். தெரிந்தது. ஒரு கோழி அதைக் கொத்திப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று போனது.

ஜன்னல்களில் இரும்புக் கம்பி. கொண்டியைக் கழற்றலாம் என்றால் திருப்புளி ஆபீசில். ஆனால் வீட்டில் அரிசி இருந்தது, சார்டின் மீன் டின் இருந்தது, குளியலறையும் கழிப்பறையும் உள்ளேயே இருந்தன. கிராணி பதவியின் பெருமைகளில் அதுவும் ஒன்று. ஜன்னலில் நின்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் லயத்திலிருந்து ஆள் ஓடி வந்திருக்கும். கொடுக்கவில்லை. "கிராணி தன் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கிட்டாரு" என்று பள்ளத்தில் சிரிப்பது அப்போதே என் காதில் கேட்டது. சாயங்காலம் பந்து விளையாடப் போனவர்கள் ஜன்னலில் என்னைப் பார்த்து "வணக்கம் ஐயா" என்றார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்து நானும் வணக்கம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போன பெண்கள், மத்தியானம் மீன் விற்க வந்த பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர், சாயங்காலம் குளித்துவிட்டு நடந்த, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், எல்லோருக்கும் அதே தோரணையில் வணக்கம்.

வெட்கத்தைவிடக் கனமான ஒன்று ஞாயிறு மாலைதான் உறைத்தது. சிறையிருந்த அந்த ஞாயிற்றுக்கும் அதற்கு முந்தின ஞாயிறுகளுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பூட்டு இல்லாத ஞாயிறுகளிலும் நான் இதே ஜன்னலில்தான் நின்றேன். சாவி கையில் இருந்தபோதும் போவதற்கு இடம் எதுவும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, கிராணி வரவில்லை என்று மண்டோர் டார்ச் விளக்கோடு தேடிக்கொண்டு வந்தார். ரம்புத்தான் மரத்தடியில் நின்று "ஐயா" என்றார். இனி மறைக்க வழியில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து சாவியை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார்.

"எப்பய்யா விழுந்துச்சு?"

"சனிக்கிழமை."

அவர் விளக்கை அணைத்தார். "நேத்து சாயங்காலம் எனக்கு வணக்கம் சொன்னீங்களே. அப்பவும் உள்ள மாட்டிக்கிட்டுத்தான் நின்னீங்களா?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

நியாயமான கேள்வி. நேரமாகிறது, பெரட்டுக்குப் போவோம் என்று அதிகாரமாகச் சொன்னேன்.

இனிச் சாவியை நம்பி வாழ்வதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். சாவியில்லாமல் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நிலை வராது. இதை அப்போது தன்மானம் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பிய பழைய துரை ஒருவர் விட்டுச்சென்ற வீட்டுப் பழுதுபார்ப்புப் புத்தகம் ஒன்று ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. அதில் பூட்டைக் குறுக்காக வெட்டிக் காட்டிய படம் இருந்தது. பூட்டின் வயிற்றில் ஓர் உருளை. சாவி போட்டால் திரும்புவது அதுதான். அதைத் திரும்பவிடாமல் மேலிருந்து நாலைந்து பித்தளை முளைகள் ஸ்பிரிங் பலத்தில் குத்திக்கொண்டு நிற்கும். சரியான சாவி ஒவ்வொரு முளையையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கிவிடும். எல்லாம் சேர்ந்து வழிவிட்டால் உருளை சுழலும். சாவியில்லாதவன் ஒரு கம்பியால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் முளைகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். இதுவரை புத்தகம் சொன்னது. அடுத்த பக்கத்தைக் கரையான் வாசித்திருந்தது.

கம்பிக்கு எங்கே போவது? பட்டணத்து மளிகைக் கடையில் கொண்டை ஊசி ஒரு அட்டை கேட்டேன். கடைக்காரச் சீனத்தியம்மா எங்கள் தோட்டத்துப் பெண்களோடு பேசிப் பேசி நல்ல தமிழ் பேசுவாள்.

"கிராணி, நீ கல்யாணம் கட்டல. கொண்டை ஊசி யாருக்கு லா?"

"ஆபீசுக்கு" என்றேன். அவசரத்தில் வந்த பதில். ஆபீசில் கொண்டை வைத்தவர் யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அட்டையைக் காகிதத்தில் சுற்றி, மாப்பிள்ளையிடம் நீட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். நான் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து, குளித்து, விளக்கேற்றும் நேரம்வரை பயிற்சி. பின்கதவுப் பூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் எதுவும் நடக்கவில்லை. கொண்டை ஊசி முளையைத் தூக்கவில்லை, தானே வளைந்தது. இரும்பு அறுக்கும் வாள் ஒன்று உடைந்து கிடந்ததை எடுத்து, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் தீட்டுகிற கல்லில் தேய்த்து மெலிதாக்கி, நுனியைச் சற்றே மேல்நோக்கி வளைத்தேன். தூக்குவதற்கு அது சரியாக வந்தது. திருகிப் பிடிப்பதற்குக் கொண்டை ஊசியையே வைத்துக்கொண்டேன். ஆனாலும் பூட்டு அசையவில்லை. எண்ணெய் விட்டால் இளகும் என்று வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயை ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் எண்ணெய் பிசினாகி முளைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சாவித் துவாரத்தில் எறும்புகள் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன. அந்த வீட்டில் சாவியில்லாமல் ஒரு பூட்டுக்குள் முதலில் நுழைந்தவை அவைதாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, பென்சில் கரியைச் சுரண்டிப் பொடியாகத் தூவினேன். அதன்பின் முளைகள் தனித்தனியாக அசைந்தன.

அசைந்தன, நிற்கவில்லை. இங்கேதான் பலநாள் போயிற்று. தூக்கினால் ஏறும், விட்டால் இறங்கும், ஒரு கேள்விக்கும் பதில் வராது. திருகும் கம்பி நடுத் துவாரத்தில் கிடந்து முதல் முளையை நெருக்கிக்கொண்டிருப்பது ஒருநாள் தெரிந்தது. அதை ஓரத்துக்குத் தள்ளினேன். முதல் முளைக்கு மூச்சு வந்தது. பிறகு வரிசை. முன்னாலிருந்து பின்னால் ஒழுங்காகத் தூக்கிக்கொண்டு போவது என் வழக்கம். கணக்கெழுதுகிறவன் அப்படித்தான் போவான். மலிவான பூட்டின் துளைகள் நேர்கோட்டில் இருப்பதில்லை. உருளையைத் திருகும்போது எந்த முளை கோணலான துளையில் நிற்கிறதோ அதுதான் முதலில் விறைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, வில்லாகத் துள்ளுவதை விட்டுவிட்டு, விறைத்து நிற்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதற்கு வழி விட்டபின் இன்னொன்று விறைக்கும். அதைத் தேட வேண்டும். ஒன்றை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால் அது மேலே மாட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஒன்று விடாது. அப்போது திருகிய கையை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் விழவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விடும்போது காதைக் கொடுத்துக் கேட்டால் முளைகள் 'டிக்' 'டிக்' என்று விழும். எத்தனை சத்தமோ அத்தனை முளை நின்றிருந்தது என்று அர்த்தம். ஒரு சத்தமும் இல்லாவிட்டால் அதுவரை பட்ட பாடு முழுக்க வீண். பல சாயங்காலங்கள் சத்தமில்லாமல் முடிந்தன.

கடைசியில் குற்றம் பூட்டில் இல்லை, என் கையில் என்று தெரிந்தது. திருகிய கையின் கனம். பூட்டைப் பணியவைத்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். அவ்வளவு கனத்தில் எல்லா முளையும் ஒன்றாக விறைத்துவிடும். எது முதல், எது அடுத்தது என்றே தெரியாது. இதைக் காட்டிக்கொடுத்தது கொண்டை ஊசிதான். என் கை கனத்தால் அது வளைந்துவிடும். வளையாமல் இருக்கும் அளவுக்குத்தான் திருக வேண்டும். ஈ உட்கார்ந்த அளவு பாரம். அந்த அளவுக்குக் கையைத் தளர்த்துவதைவிட இறுக்குவது எவ்வளவு சுலபம் என்பதைத் தனியாக இருக்கிறவர்கள் அறிவார்கள்.

ஒரு சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. வழக்கம்போலத் தொட்டுக்கொண்டு இருந்தேன். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உருளை திரும்பி, வளையம் துள்ளி மேலே வந்தது. "திறந்திருச்சு!" என்று வாய்விட்டுச் சொன்னேன். எதிர் நாற்காலியிலிருந்த புத்தகங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் வேண்டும் என்ற ஆசையில் ஜன்னல்வரை போனேன். மழையில் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு ஆடு நின்றது. திரும்பி வந்து பூட்டை மறுபடி பூட்டினேன். எப்படித் திறந்தது என்று எனக்கே தெரியாததால் மறுபடி திறக்க வெகுநாள் பிடித்தது. ஒருமுறை திறப்பது பூட்டின் தயவு, இரண்டாம் முறை திறந்தால்தான் வித்தை.

வித்தை கைக்கு வந்தபோது அதை வெளியே சொல்ல முடியாது என்பதும் உறைத்தது. ஆபீசின் சாவிக்கொத்தை வைத்திருக்கும் கிராணிக்குச் சாவியில்லாமலும் பூட்டைத் திறக்கத் தெரியும் என்று துரை காதில் விழுந்தால் என்ன நினைப்பார்? ஆக, நான் உலகத்துக்குத் தெரியாமல் மறைத்துவைத்த ஒரே திறமை அது. மற்ற திறமைகளை மறைக்க வேண்டியிருக்கவில்லை, யாரும் தேடவில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கு நான் கெர்லிங்கிலிருக்கும் அக்காள் வீட்டுக்குப் போகவில்லை. போனால் அத்தான் ஏதாவது ஒரு பெண்ணின் போட்டோவைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பார், அக்காள் அழுவாள். வேலையிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காலையில் லயங்களிலிருந்து பலகாரத் தட்டுகள் வந்தன. கிராணி வீட்டுக்குத் தட்டு வருவது வழக்கம். ஆள் வந்து உட்கார்வது வழக்கமில்லை. முறுக்கும் அதிரசமும் படியில் இறங்கின, "ஐயா" என்று ஒரு குரல் கேட்டது, நான் வெளியே வருவதற்குள் காலடிச் சத்தம் தூரப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் எதிர் நாற்காலியில் புத்தகங்களுக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டுகள் உட்கார்ந்திருந்தன. ஒருவன் தின்று தீர்க்கக்கூடிய அளவில்லை. ஒரு முறுக்கைக் கடித்தால் அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

வாங்கிய தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. அது எங்கள் பக்கத்து முறை. சாயங்காலம் பலகாரத்தை டின்னில் கொட்டிவிட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு கை சீனி போட்டு, தட்டின்மேல் தட்டாக அடுக்கித் தூக்கிக்கொண்டு, தட்டைத் திருப்பும் சாக்கில் லயத்தில் நாலு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். லயத்தில் ஆளே இல்லை. எல்லோரும் மண்டபத்தில் இருந்தார்கள்.

மண்டபத்தில் இருந்தது தோட்டத்துக்கு நிர்வாகம் கொடுத்த தொலைக்காட்சிப் பெட்டி. ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, கதவு போட்டு, கொண்டி போட்டுப் பூட்டியிருப்பார்கள். தீபாவளிச் சிறப்புப் படம் சாயங்காலம். பாய் விரித்து, பவுடர் பூசி, புதுச்சேலையும் புதுச்சட்டையுமாகத் தோட்டமே உட்கார்ந்திருந்தது. மரப்பெட்டி மட்டும் திறக்கவில்லை. சாவி டிராக்டர் டிரைவரிடம் இருக்கும். அவர்தான் மண்டபத்துச் செயலாளர். அவருக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் நடந்திருந்தது. தலைத் தீபாவளிக்குச் சபாக்கிலிருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். மைனர் சங்கிலி, புதுக் கைக்கடிகாரம், செண்டு என்று எல்லாவற்றையும் நினைவாக எடுத்துவைத்தவர், சாவியைக் கழற்றி வைக்க மறந்து இடுப்போடு கொண்டுபோய்விட்டார்.

நான் தட்டுகளோடு வாசலில் நின்றேன்.

"உளியக் கொண்டாந்து ஒரு தட்டு தட்டுனா போச்சு" என்றது ஒரு குரல்.

மண்டோர் எழுந்து குறுக்கே நின்றார். "போன தடவ சண்டையில கதவு ஒடஞ்சதுக்கே துரை டிவியத் தூக்கிட்டுப் போயி எவ்ளோ நாளு வச்சிருந்தாரு, மறந்துட்டீங்களா? இந்தத் தடவ ஒடஞ்சா திரும்பி வராது. வேணாம்யா."

"அப்ப சபாக்குக்குப் போயி அவன் மாமனார் வீட்டுல பாக்கலாம், வாங்க எல்லாரும்" என்றாள் மண்டோரின் சம்சாரம். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா அவள்தான். பேச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் படம் அது. சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் மூடிய மரக்கதவையே பார்த்தார்கள். அதற்குள் படம் ஓடிக்கொண்டிருப்பதுபோலவும் தங்களுக்குத்தான் தெரியவில்லை என்பதுபோலவும் இருந்தது அந்தப் பார்வை. எனக்கு அந்தப் பார்வை பழக்கமானது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்ப்பது அப்படித்தான்.

சொல்லலாமா வேண்டாமா? சொன்னால் நாளைக்கு மேட்டுக்குச் செய்தி போகும். வேலைக்கே ஆபத்து வரலாம். சொல்லாவிட்டால் தட்டுகளை இங்கே வைத்துவிட்டு, வணக்கம் சொல்லி, வீட்டுக்குப் போய் முறுக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 'ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல' என்று மண்டோர் கேட்டது நினைவுக்கு வந்தது. அவர் எதிரில்தான் நின்றார்.

"நான் வேணும்னா ஒருமுறை பார்க்கட்டுமா?" என்றேன். என் குரல் ஆபீஸ் குரல் போல இல்லை.

கிராணி ஓடக்கூடாது. வேகமாக நடந்து போய்க் கம்பிகளை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தேன். மரப்பெட்டி உயரத்தில் இருந்ததால் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். மேலே ஏறி நின்றபோது தோட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பூட்டில் தூசி. ஊதி, தட்டி, பென்சில் கரி தூவினேன். தூக்கும் கம்பி உள்ளே போயிற்று. திருகும் கம்பியைப் பிடித்ததும், பின்னால் அத்தனை கண்கள் என்ற நினைப்பில் கை இறுகியது. எல்லா முளையும் விறைத்தது. விட்டேன். ஒரு சத்தமும் விழவில்லை. மறுபடி. மறுபடியும் வெறும் மௌனம். கொண்டை ஊசி என் கண்ணெதிரே வில்லாக வளைந்துகொண்டு வந்தது. காரணம் தெரிகிறது, கை கேட்கவில்லை.

"டைட்டில் முடிஞ்சிருக்கும் இந்நேரம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாட்டே ஒண்ணு போயிருக்கும்."

"பேசாம இருங்கய்யா, ஐயாவுக்கு வேர்க்குது."

வேர்க்கத்தான் செய்தது. தோல்வியை எப்படிக் கௌரவமாக அறிவிப்பது என்று வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தபோது ஆயா பாயிலிருந்து எழுந்து ஸ்டூலடியில் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அடி ஆத்தே! ஐயா கையில இருக்கிறது கொண்ட ஊசில்ல?" என்று மண்டபம் அதிரக் கத்தினாள். "சீனத்தி கடையில வாங்குனீங்களே, அந்தக் கொண்ட ஊசி இதுக்குத்தானா! அந்தப் பொம்பள யாரு, எந்தத் தோட்டம்னு நாங்க இவ்ளோ நாளு தேடிக்கிட்டுக் கெடக்கோம். ரவாங்கு வரைக்கும் விசாரிச்சாச்சு. கடைசியில பாத்தா பூட்டுக்கு வாங்கி வச்சிருக்கீங்க!"

மண்டபம் வெடித்தது. "நான் நம்ம பள்ளிக்கூடத்து டீச்சரம்மான்னுல்ல நெனச்சேன்" என்றார் மண்டோர். அதற்கு இன்னொரு வெடிப்பு. பள்ளத்தில் கேட்கக்கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்த அதே சிரிப்பு. நேரில் கேட்டபோது அது அவ்வளவு மோசமாக இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலின் மேல் நின்றபடி, கம்பிகளைப் பிடித்தபடி, வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரிக்கிறவனால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. கொண்டை ஊசி நிமிர்ந்தது. விரலுக்குத் தெரியும்படி ஒரு முளை 'டிக்' என்று ஏறி நின்றது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தடுத்ததைத் தேடிப் பிடித்தேன். உருளை திரும்பியது, ஆனால் வளையம் வரவில்லை. துருப் பிடித்த பூட்டு அப்படித்தான் கடைசி நேரத்தில் முறைக்கும். கையை எடுக்காமல், "மண்டோரே, கீழேயிருந்து ஒரு தட்டுத் தட்டுங்க" என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினார். வளையம் துள்ளியது.

கைதட்டல் எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கதவைத் திறந்து டிவியைப் போட்டதும் படம் ஓடியது. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். "ஐயாவுக்கு ஒரு நாக்காலி போடுங்கய்யா" என்று மட்டும் யாரோ சொன்னார்கள். ஆயாக் கொட்டகையிலிருந்து நாற்காலி வந்தது. எல்லோரும் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, முன்னால் நடுவில் நான் மட்டும் நாற்காலியில், செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே வெட்டாமல் விட்டுவைத்த ஒற்றைக் கித்தா மரம்போல உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்ததும் அவரவர் தட்டை, அதில் பொறித்திருந்த பெயரெழுத்தைப் பார்த்து, சீனியோடு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். அதே வீடு.

மேட்டிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. தோட்டத்தில் அந்த விஷயத்தை யாரும் துரையிடம் சொல்லவில்லை என்று பின்னால் புரிந்தது. ஆனால் தீபாவளி கழிந்து சில நாளில், சாயங்காலம், ரம்புத்தான் மரத்தடியில் "ஐயா" என்று குரல் கேட்டது. ஆயா நின்றாள். கையில் டிரங்குப் பெட்டிப் பூட்டு.

"சாவி தொலஞ்சு போச்சுங்கய்யா. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

இறங்கிப் போய் வாங்கியிருக்கலாம். "மேல வாங்கம்மா, மேசையில வச்சாத்தான் வேலை ஓடும்" என்றேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். யாருடைய மரியாதையும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. நான் நாற்காலியிலிருந்த புத்தகங்களை அள்ளித் தரையில் வைத்தேன். கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டே லயத்துக் கதையெல்லாம் சொன்னாள்.

அடுத்து மண்டோர் வந்தார், சைக்கிள் பூட்டோடு. பிறகு டிராக்டர் டிரைவர் தன் புதுப்பெண்டாட்டியோடு, அலமாரிப் பூட்டோடு. பிறகு வாரத்துக்கு ஒருவராவது வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் சாவிகள் இவ்வளவு தொலையும் என்று நான் நினைத்ததில்லை. சில பூட்டுகளின் துவாரத்தில் சாவி உரசிய பளபளப்பு புதிதாக இருக்கும். வேறு சாவிகளைப் போட்டு முயன்று பார்த்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் கை அதற்குள் நன்றாகத் தேறியிருந்தது. பல பூட்டுகள் எடுத்ததும் திறந்துகொள்ளும். திறந்ததைக் காட்டிக்கொள்ளாமல் மறுபடி அமுக்கிப் பூட்டிவிட்டு, "இது கொஞ்சம் சிக்கலான பூட்டு" என்பேன். "அவசரமில்லைங்கய்யா" என்பார்கள். இன்னொரு கோப்பி போடுவேன். வேண்டுமென்றே ஒரு முளையை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் விழவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அந்த நாற்காலியில் மறுபடி புத்தகம் உட்காரவில்லை.

சில வருஷங்களில் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே என் வித்தை யாருக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனதும் அங்கேதான். அந்தப் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் பல, பிள்ளைகளுக்கு ரவாங் பக்கம் பேக்டரி வேலை கிடைத்ததும் அங்கே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. வெகுகாலம் கழித்து ரவாங்கில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் ஆயாவுக்கு அடுத்த இலை எனக்குக் கிடைத்தது. தலை நரைத்திருந்தாள். வாய் நரைக்கவில்லை. என் மனைவியிடம் என்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்வாள் என்ற ஆசையில், "என்னம்மா, நம்ம தோட்டத்துல பாதிப் பூட்டை நான்தானே திறந்து குடுத்தேன்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஆயா பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு என் மனைவியைப் பார்த்தாள்.

"அவர் கம்பிய வச்சு நோண்டிக்கிட்டு இருக்கிறப்பெல்லாம் சாவி எங்க இடுப்புலதான்மா இருந்துச்சு. பாவம், ஒத்தையா கெடக்குறாரேன்னு வீட்டுக்கு ஒரு ஆளா மொற வச்சுப் போனோம். அதெல்லாம் செரிதான். அந்தக் கோப்பியத்தான் ஒருத்தராலயும் வாயில வைக்க முடியல."